முதல் கேமிங் பிசி: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி, வள்ளியூர் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் முதல் முறை பிசி போடும்போது என்னிடம் கேட்பவை இவை. கேட்கிறவர் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யூடியூபில் பார்ட்ஸ் பட்டியல் எத்தனையோ கிடைக்கும், ஆனால் எர்த்திங் பற்றியோ ஆடிக் காற்றில் வரும் புழுதி பற்றியோ அவற்றில் ஒரு வரி இருக்காது. நான் பார்த்தவரை நம்ம ஊரில் பிசி கெட்டுப்போவது பெரும்பாலும் கரண்ட்டால், அடுத்தபடியாகச் சூட்டால். ஆகவே அந்த இரண்டுக்கும் இங்கே இடம் அதிகம்.

கையில் நாற்பதாயிரம்தான் இருக்கு அண்ணே, அதுக்குள்ள கேமிங் பிசி வருமா?

வரும். ஆனால் முதலில் என்ன கேம் ஆடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரி கேம்களுக்கு ஒரு கணக்கு, புதிதாக வரும் பெரிய கதை கேம்களுக்கு வேறு கணக்கு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இந்தத் தொகைக்குள் வர வேண்டுமா, தனியா என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். மானிட்டருக்குப் பணம் இல்லையென்றால் வீட்டு டிவியிலேயே எச்டிஎம்ஐ கேபிள் போட்டு ஆரம்பிக்கலாம், டிவி செட்டிங்கில் கேம் மோடு இருந்தால் அதை ஆன் செய்தாலே தாமதம் நன்றாகக் குறையும்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதற்கு முன்னால் எடுத்த வீடியோவில் சொல்லும் விலையை நம்பிக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். அன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு அப்புறம் பட்டியல் எழுதுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு (கேம் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பகுதி) வாங்குகிறவர் என்றால் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கு வையுங்கள். கலர் லைட், கண்ணாடி கேபினெட் இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தொகை எவ்வளவு இறுகினாலும் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வைத்த பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆரம்பித்து, பின்னால் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பட்ஜெட் குறைவு என்றால் நான் முதலில் சொல்லும் வழி இதுதான். ரைசன் 5 5600ஜி மாதிரி புராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது, ஆறு கோர் பன்னிரண்டு த்ரெட், மேலே சொன்ன மூன்று கேம்களையும் செட்டிங் குறைத்து ஓட்டிவிடும். ஒரு நிபந்தனை உண்டு: ராம் ஒரே குச்சியாக 16 ஜிபி வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி போட்டால் அது போய்வரும் பாதை இரண்டு மடங்காகிறது, கேம் ஓடும் வேகத்தில் அது அப்படியே தெரியும்.

இதில் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். 5600ஜியில் எல்3 கேஷ் (புராசஸருக்குள் இருக்கும் வேகமான சின்ன மெமரி) 16 எம்பி, சாதாரண 5600இல் 32 எம்பி. அதுபோக 5600ஜியில் பிசிஐஇ (கார்டும் புராசஸரும் பேசிக்கொள்ளும் பாதை) மூன்றாம் தலைமுறைதான். பின்னால் கார்டு சேர்க்கும்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் நாலே லேன் (தடம்) உள்ள கார்டைப் போட்டால் பலன் நன்றாகக் குறைந்துவிடும். ஆர்எக்ஸ் 6600 போல எட்டு லேன் கார்டு என்றால் பிரச்சினை இல்லை.

இன்டெல் பக்கம் போகிறவர்கள் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ3-12100எஃப் என்று எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது.

பழைய ஆபீஸ் சிஸ்டத்தை வாங்கி அதில் கார்டு போட்டால் மலிவாக முடியுமே?

முடியும், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, புராசஸர் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலோரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டு, அந்த சிஸ்டங்களின் எஸ்எம்பிஎஸ் பல நேரம் அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டரோடு இருக்கும், வெளியில் வாங்கியதை மாட்ட முடியாது. கார்டுக்குத் தனி பவர் வயரும் இருக்காது, ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டோடு நிற்க வேண்டியதுதான். மூன்று, ஒல்லிப் பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டு மட்டும்தான் உள்ளே நுழையும். கடை அண்ணாச்சி பெட்டியைத் திறந்து காட்டுவார் என்றால் வாங்குங்கள். திறக்க மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா? மைனிங்கில் ஓடியது என்று பயமாக இருக்கிறது.

மைனிங் என்பது கார்டை இரவும் பகலும் ஓட்டிக் கிரிப்டோ காசு சம்பாதிப்பது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் அந்த முறையைக் கைவிட்டதும் ஆயிரக்கணக்கான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன, இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க மாட்டேன். ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம். நான் பயப்படுவது பெயர் மாற்றி விற்பதற்குத்தான். ஆர்எக்ஸ் 580 என்று சொல்வதில் 2304 ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) உள்ளது அசல். 2048 உள்ளது பெயரளவில்தான் 580, உள்ளே இருப்பது 570இன் பலம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் அந்த எண் தெரியும். விற்பவர் வீட்டுக்கே போய், அவர் மெஷினிலேயே அரை மணி நேரம் ஒரு கேமை ஓடவிட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முன்பணம் ஜிபே செய்தால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லும் முகம் தெரியாத ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? கேபினெட்டோடேயே ஒன்று வருகிறதே?

கேபினெட்டோடு வரும் அதைக் கையில் தூக்கிப் பாருங்கள், பக்கத்தில் 80 பிளஸ் ப்ரான்ஸ் (கரண்ட்டை வீணாக்காத திறனுக்குத் தரும் தரச் சான்று) உள்ள ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் தூக்கிப் பாருங்கள். எடையிலேயே வித்தியாசம் தெரியும். உள்ளே ஹீட்சிங்க், காயில், கெப்பாசிட்டர் எல்லாம் எவ்வளவு குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த எடை. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் கார்டும் புராசஸரும் கரண்ட் எடுப்பது 12 வோல்ட் லைனில், அந்த ஒரு லைன் எவ்வளவு தாங்கும் என்று ஓரத்து அட்டவணையில் பார்த்தால் பாதிகூட இருக்காது. இன்னொன்று இன்புட் வோல்டேஜ். நல்லதில் 100–240 என்று அச்சடித்திருக்கும். சாயங்காலம் ஊரே லைட்டைப் போட்டு மோட்டாரையும் ஓட்டும் நேரத்தில் நம்ம கிராமங்களில் வோல்டேஜ் இறங்கும். அப்போது நல்ல எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும், மட்டமானது மெஷினை அணைத்துவிடும். மட்டமானதில் ஷார்ட் ஆகும்போது காப்பாற்றும் சர்க்யூட்டும் ஒழுங்காக இருக்காது, போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600 போட்ட மெஷின் கேம் ஓடும்போது எடுப்பது ஏறத்தாழ 250 வாட். பெயருள்ள 450 அல்லது 550 வாட் போதும். 750 வாட் தேவையில்லை.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் எர்த் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டு வீடுகளில், பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது சர்வ சாதாரணம். எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் கரண்ட் நுழையும் இடத்தில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், இரைச்சலை வடிகட்ட. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி முழுக்க 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது. கேபினெட்டின் பின்பக்கம் பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், உள்ளே செம்மஞ்சளாக மங்கலாக எரியும். புறங்கையால் லேசாகத் தடவினால் தகரம் அதிர்வது போல ஒரு உணர்வு வரும். பளிச்சென்று எரிந்தாலோ, கை வெடுக்கென்று இழுத்தாலோ கதை வேறு, உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சும்மா கூச்சம்தானே என்று விட்டுவிடக் கூடாது. இந்த நிலையில் ஓடும் பிசியில், கேபிள் டிவி வயர் மாட்டியிருக்கும் டிவியிலிருந்து எச்டிஎம்ஐயைச் சொருகினால் அந்த வோல்டேஜ் போர்ட் வழியாக இறங்கும். கார்டின் எச்டிஎம்ஐ இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எர்த் சரியாகும் வரை இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கேபிளை மாட்ட வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் தனியாக எர்த் குழி போட வேண்டும். சில பேர் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்து முடிந்துவிட்டு சரியாகிவிட்டது என்பார்கள், அது உயிருக்கே ஆபத்து, ஒத்துக்கொள்ளாதீர்கள். குழி இருந்தும் கோடையில் மட்டும் சுரீர் என்கிறது என்றால் மண் காய்ந்துவிட்டது என்று பொருள். ராதாபுரம், சங்கரன்கோவில் பக்கத்துக் காய்ந்த மண்ணில் இது நடக்கும். கத்திரி வெயில் முடியும் வரை வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு. தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீரான அலையாகத் தருவது) என்றால் முதலில் அதையே முயன்று பாருங்கள். பின்னாலோ பக்கத்திலோ ஒரு ஸ்விட்ச் இருக்கும், நார்மல் மோடு, யுபிஎஸ் மோடு என்று. பெரும்பாலான வீடுகளில் அது நார்மலில்தான் கிடக்கும், ஃபேன் லைட்டுக்கு அது போதும் என்பதால். பிசிக்கு யுபிஎஸ் மோடு வேண்டும். அதில்தான் பேட்டரிக்கு மாறும் நேரம் குறைவு. கரண்ட் அறுந்த பிறகு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும், அதற்குள் இன்வெர்ட்டர் மாறிவிட்டால் மெஷினுக்குக் கரண்ட் போனதே தெரியாது.

பனகுடிப் பக்கம் ஒரு தம்பி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆடினால் மட்டும் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, கரண்ட் போகவே இல்லை என்றான். யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180ஐ ஒட்டி இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும், அதுதான் காரணம். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டெபிலைசர் வேண்டும், இல்லையென்றால் பிசிக்குத் தனி யுபிஎஸ்.

தனி யுபிஎஸ் என்றால் கடையில் முதலில் எடுத்துத் தரும் 600 விஏ சுமார் 360 வாட்தான் தாங்கும். ஆர்எக்ஸ் 6600 அளவு மெஷினும் மானிட்டரும் அதன் விளிம்பில் நிற்கும், 1000 விஏ வாங்குவது நல்லது. கரண்ட் போனதும் சேவ் செய்து மெஷினை அணைக்கத்தான் அது, தொடர்ந்து ஆட இல்லை. ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும்போது யுபிஎஸ் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், கூடவே நெட் கேபிளையும். அந்த வழியாகவும் இடி உள்ளே வரும்.

எங்கே வாங்குவது? நம்ம ஊரிலா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலா, ஆன்லைனிலா?

போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் உள்ளூரில் வாங்குங்கள் என்பேன், ஐந்நூறு ரூபாய் கூட இருந்தாலும். பிரச்சினை வந்தால் மாற்ற அலைய வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். கார்டு, புராசஸர் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து பக்கம்தான். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், பெட்டி மூன்றும் வேண்டும். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள், வாரண்டிக்குப் போகும்போது அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள். பெட்டியோடு வரும் புராசஸருக்கு மூன்று வருட வாரண்டி உண்டு, ட்ரேயில் வைத்து விற்பதற்கு அது கிடைக்காது.

நானே மாட்டலாமா?

மாட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும், ஒரு மதியம் போதும். மாட்டுவதற்கு முன்னால் போர்டின் மேனுவலைப் படியுங்கள், அதில் இல்லாத எதையும் இங்கே நான் புதிதாகச் சொல்லப் போவதில்லை. சில இடங்களில் மட்டும் கவனம்.

ஏஎம்4, ஏஎம்5 என்பவை ரைசன் புராசஸர் உட்காரும் சாக்கெட் வகைகள். ஏஎம்4 புராசஸரில் பின்கள் புராசஸரின் அடியில் இருக்கும், இன்டெல்லிலும் ஏஎம்5இலும் சாக்கெட்டில் இருக்கும். எதுவானாலும் முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. கூலரின் அடியில் பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. பின்னொரு நாள் ஏஎம்4 கூலரைக் கழற்ற நேர்ந்தால் நேராகத் தூக்காதீர்கள், பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, இளகியதும் தூக்குங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஃபேன் சுத்துது, திரையில் ஒன்றுமே வரலை. என்ன செய்ய?

பதறாதீர்கள், முதல் தடவை பாதிப் பேருக்கு இப்படித்தான். மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள், கார்டு போட்டிருந்தால் கார்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து போர்டின் மேல் மூலையில் புராசஸருக்கான 8 பின் பவர். 24 பின்னை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய, அப்படி மறந்தாலும் ஃபேன் சுற்றும் என்பதால் சந்தேகமே வராது. அப்புறம் ராம். இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் புராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், க்ளிக் சத்தம் வரும் வரை அழுத்துங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு (புராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்டு), பூட் (விண்டோஸ் உள்ள டிரைவ்) என்று நாலு சின்ன லைட் இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள், அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ராமும் என்றால் முதல் தடவை சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும், ராமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. நடுவில் அணைத்துவிடாமல் பொறுத்திருங்கள். பி450 மாதிரி பழைய போர்டில் 5000 வரிசை புராசஸர் போட்டிருந்தால் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பழசாக இருக்கலாம், வாங்கிய கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, போர்டின் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். அதற்கும் அசையவில்லையா, போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அது வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைத்து, புராசஸர், கூலர், ஒரு ராம், கார்டு இவ்வளவோடு ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டைக் கால்) முட்டிக்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட அசையவில்லை என்கிறவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் பின் ஸ்விட்சைப் பாருங்கள், பிறகு முன்பக்க பட்டன் வயர் சரியான பின்னில் இருக்கிறதா என்று மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கேம் நடுவில் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது.

நீலத் திரை எதுவும் வராமல், ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று போனால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், இரண்டாவது சூடு. எச்டபிள்யுஇன்ஃபோ என்ற மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள். 5600க்கு உச்ச வரம்பு 90 டிகிரி, 5600ஜிக்கு 95. அதை நெருங்காமலே அணைகிறது என்றால் நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். நீலத் திரை வந்தால் ராம் பக்கம் போங்கள்: பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள்.

நம்ம வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்குமா?

தாங்கும், நாம் பார்த்துக்கொண்டால். சித்திரை வைகாசியில் அறையே 38 டிகிரி இருக்கும்போது உள்ளே போவதும் அதே காற்றுதான், அதனால் முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்ட கேபினெட் நமக்கு ஆகாது, வலை போட்டதாகப் பாருங்கள். மேசைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் தள்ளாதீர்கள். மச்சில் வைப்பதைவிடக் கீழே தார்சாவில் வைப்பது எவ்வளவோ மேல்.

ஆடிக் காற்று அடிக்கும் வள்ளியூர், பனகுடி, ராதாபுரம் பக்கம் இருபது நாளில் முன் வலை செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். வலையைக் கழற்றி அலசிக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே சுத்தம் செய்ய பெயிண்ட் பிரஷும் சின்ன ப்ளோயரும் போதும், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அதில் தண்ணீர் கலந்து வரும். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்குப் புழுதியைவிடச் சாரல்தான் கவலை. ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஆடாவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் மற்றவர்கள் சொல்லும் வேகம் இல்லை.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60இலேயே விட்டிருப்பார்கள், அதை மாற்றுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். நாலு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் இரண்டு ராமும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும்.

கேம் வாங்கவும் காசு இல்லையே அண்ணே.

எபிக் ஸ்டோரில் வாரா வாரம் இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஸ்டீமில் கோடையிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும், விலையும் ரூபாயிலேயே இருக்கும். கிராக் செய்த கேமை மட்டும் இறக்காதீர்கள். அதோடு வரும் வைரஸ் அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டு வரை எடுத்துவிடும், வீட்டில் அதே மெஷினில்தானே எல்லாம் நடக்கிறது.

காலேஜ் கோவையில். பிசியை எப்படிக் கொண்டு போக?

கிராஃபிக்ஸ் கார்டைக் கட்டாயம் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கையோடு கொண்டு போங்கள். மாட்டியபடியே பஸ் டிக்கியில் போட்டால் குலுங்கலில் கார்டின் எடை ஸ்லாட்டைப் பிளந்துவிடும். டவர் கூலர் பெரிதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள், புராசஸரோடு வந்த கூலர் என்றால் இருக்கட்டும். கேபினெட்டை அது வந்த தெர்மாகோலோடு, போர்டு கீழே படுத்திருக்கும்படி கிடத்தி வையுங்கள், ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு உள்ளேயே ஒட்டிவிடுங்கள். ஹாஸ்டலில் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த அறை சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று வார்டனிடம் சொல்லிப் பார்க்க வையுங்கள், அதற்கு அப்புறம் பிளக்கைச் சொருகுங்கள்.